என் பாட்டை நான் பாட யாரைக் கேட்க வேண்டும்?

கேள்வி: வக்கீல் அம்மாவுக்கு வணக்கம். நான் திண்டுக்கல் பக்கம் ஒரு கிராமத்தில் அம்மன் கோயில் பாட்டு பாடுகிறவன், வயது 59. 2001 ஆடிக்கு எட்டு பாட்டு பாடி ஒரு கேசட் வந்தது. ஏழு பாட்டை நானே எழுதினேன், ஒன்று இறந்துபோன நண்பர் எழுதியது. மெட்டெல்லாம் நான் போட்டது, அதில் இரண்டு மட்டும் பழைய தெம்மாங்கு. ஸ்டுடியோ வாடகை, கீபோர்டு, தபேலா, பம்பைக்காரர்கள் சம்பளம் எல்லாம் கேசட் கம்பெனிக்காரர் கொடுத்தார். எனக்கு 6,000 ரூபாய் கொடுத்து, ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய தாளில் ‘மேற்படி எட்டு பாடல்களின் முழு உரிமையையும் கொடுத்துவிட்டேன்’ என்று கையெழுத்து வாங்கினார். வருஷக் கணக்கு எதுவும் அதில் இல்லை. ஜெராக்ஸ் என்னிடம் இருக்கிறது. இப்போது அந்தப் பாட்டெல்லாம் யூட்யூபில் லட்சக்கணக்கில் ஓடுகிறது, என் பெயர்கூட போடவில்லை. என் மகன் அந்த கேசட்டை ஏற்றினான், உரிமை மீறல் என்று யூட்யூபிலிருந்து ஸ்ட்ரைக் வந்தது. பிறகு திருவிழாவில் நான் பாடியதை போனில் எடுத்து ஏற்றினான், அதற்கும் கம்பெனி உரிமை கேட்டு விளம்பரப் பணம் அவர்களுக்குப் போகிறது. என் தொண்டையில் வந்த பாட்டு எனக்குச் சொந்தம் இல்லையா அம்மா? (பெயர் வேண்டாம்)

பதில்: வணக்கம் ஐயா.

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பாட்டு உங்களுடையதுதான். ஆனால் அந்த கேசட்டில் பதிவான ஒலி உங்களுடையது இல்லை, 2001இலும் உங்களுடையதாக இருந்ததில்லை. இதை எழுதும்போது எனக்கே கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் இங்கிருந்து தொடங்கினால்தான் மீதி எல்லாம் புரியும்.

நாம் ‘ஒரு பாட்டு’ என்று சொல்வது சட்டத்தின் கணக்கில் நாலு தனித்தனிச் சொத்து. எழுதிய வரி ஒன்று, மெட்டு ஒன்று, அதை நீங்கள் பாடியது ஒன்று, பாடியதைப் பிடித்து வைத்த ஒலிப்பதிவு ஒன்று. நம் நாட்டின் 1957ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டம் வரிக்கு எழுதியவரையும் மெட்டுக்குப் போட்டவரையும் முதல் உரிமையாளர் என்கிறது. ஒலிப்பதிவுக்கு வரும்போது அந்த இடத்தில் தயாரிப்பாளரை வைக்கிறது. தயாரிப்பாளர் யார் என்றால், பதிவு செய்யும் முயற்சியையும் பொறுப்பையும் எடுத்துக்கொண்டவர். ஸ்டுடியோ வாடகையும் பம்பைக்காரர் சம்பளமும் கொடுத்தவர் கம்பெனிக்காரர், அதனால் பதிவு அவருக்கு. வெளியான வருடத்துக்கு அடுத்த வருடத்திலிருந்து 60 வருடம், அதாவது 2061 முடியும் வரை. நீங்கள் அந்தத் தாளில் கையெழுத்தே போடாமல் இருந்திருந்தாலும் இந்த ஒன்று அவருக்குத்தான் போயிருக்கும்.

ஆகவே மகன் கேசட்டை அப்படியே மாற்றி ஏற்றியதற்கு வந்த ஸ்ட்ரைக்கோடு சண்டை போடாதீர்கள். எதிர் அறிவிப்பு கொடுக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். அதில் ‘இது தவறான புகார்’ என்று உறுதிமொழி தர வேண்டும், உங்கள் விஷயத்தில் அந்த உறுதிமொழி நிற்காது. யூட்யூபின் பதிப்புரிமைப் பாடத்தை மகன் முடித்துவிட்டால் 90 நாளில் ஸ்ட்ரைக் காலாவதியாகும். மூன்று சேர்ந்தால்தான் சேனல் போகும். அதுவரை அந்தப் பழைய ஒலியை மறுபடி தொட வேண்டாம்.

சரி, இப்போது உங்கள் கையில் இருக்கும் ஜெராக்ஸுக்கு வருகிறேன். நீங்கள் அதை உங்களுக்கு எதிரான தாளாக நினைத்து எழுதியிருக்கிறீர்கள். நான் அதை உங்களுடைய பெரிய பலமாகப் பார்க்கிறேன்.

உரிமையை எழுதிக் கொடுப்பது எப்படி இருக்க வேண்டும் என்று பிரிவு 19 சொல்கிறது. எழுத்தில் இருக்க வேண்டும், கொடுப்பவர் கையெழுத்து வேண்டும், எந்தப் பாட்டு, எந்த உரிமை, எத்தனை காலம், எந்த நாடு என்பதும் வேண்டும். காலம் எழுதாமல் விட்டால் அந்த உரிமை மாற்றம் ஐந்து வருடத்துக்குத்தான் என்று சட்டமே முடிவு கட்டிவிடுகிறது, நாடு எழுதாமல் விட்டால் இந்தியாவுக்குள் மட்டும். இந்த விதி 1994 திருத்தத்தில் வந்தது, 1995 மே 10 முதல் நடப்பில் இருக்கிறது, அதற்கு முன்பு போட்ட தாள்களுக்குப் பொருந்தாது. அதே கேசட்டை நீங்கள் 1993இல் பாடியிருந்தால் நான் இவ்வளவு தெம்பாக எழுதியிருக்க மாட்டேன். உங்களுடையது 2001. ‘முழு உரிமை’ என்று எழுதியதால் என்றென்றைக்கும் என்று ஆகிவிடாது, முழு என்பது எவ்வளவு உரிமை என்பதைச் சொல்கிறது, எவ்வளவு நாள் என்பதைச் சொல்லவில்லை. ஆக, நீங்கள் எழுதிய ஏழு பாட்டின் வரியும், நீங்கள் போட்ட மெட்டும் 2006இலேயே உங்களிடம் திரும்பி வந்துவிட்டன என்பதுதான் என் வாதமாக இருக்கும்.

இருபது வருடமாக உங்கள் பாட்டு உங்களுடையது இல்லை என்று நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறீர்களே என்பதுதான் எனக்கு ஆற்றமாட்டாமல் இருக்கிறது. அந்த கேசட் காலத்தில் கிராமத்துப் பாடகர்கள் நிறைய பேர் இப்படி ஒரு வரித் தாளில்தான் கையெழுத்து போட்டார்கள், பெரும்பாலானவர்கள் கையில் நகல்கூட கிடையாது. நீங்கள் ஜெராக்ஸ் எடுத்து வைத்தீர்கள், பத்திரமாக வைத்தும் இருக்கிறீர்கள். அதை ஸ்கேன் செய்து மகனுடைய மெயிலிலும் போட்டு வையுங்கள். ஒரு எச்சரிக்கை மட்டும்: கம்பெனியிடம் இருக்கும் மூலத்தில், உங்கள் நகலில் இல்லாத ‘நிரந்தரமாக’ என்ற சொல் இருக்கிறதா, வேறு ஏதாவது தாளிலும் கையெழுத்து போட்டீர்களா என்று நன்றாக யோசித்துப் பாருங்கள். அப்படி ஒன்று இருந்தால் கதை மாறும்.

கேசட் அட்டையையும் தேடுங்கள். வீட்டில் இல்லாவிட்டால் சொந்தக்காரர்கள், கோயில் மைக்செட்காரர், பழைய கேசட் சேர்த்து வைக்கிறவர்கள் யாரிடமாவது இருக்கும். ஒலிப்பதிவு வெளியிடுகிறவர் அட்டையில் பதிவு செய்தவர் பெயர் முகவரி, உரிமையாளர் பெயர் முகவரி, வெளியான வருடம் எல்லாம் அச்சிட வேண்டும் என்று பிரிவு 52ஏ சொல்கிறது, அதனால் 2001 என்பதற்கு அதுவே சாட்சி. ‘பாடல், இசை’ என்று உங்கள் பெயர் போட்டிருந்தால் இன்னும் நல்லது, அப்படி அச்சான பெயரை, மறுத்து நிரூபிக்கும் வரை, எழுதியவர் பெயராகவே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும்.

அப்புறம் குரல். 1977இல் உச்ச நீதிமன்றத்தில் சினிமாப் பாட்டு உரிமை பற்றி ஒரு பெரிய வழக்கு நடந்தது. அதன் தீர்ப்பில் நீதிபதி கிருஷ்ணய்யர் தனியாக ஓர் அடிக்குறிப்பு எழுதினார். நம் இசையில் பாடுகிறவர் அந்த நேரத்தில் சேர்க்கும் உயிருக்குச் சட்டத்தில் இடமே இல்லை, காகிதத்தில் எழுதி வைத்த மெட்டுக்குத்தான் மரியாதை என்று வருத்தப்பட்டு, நாடாளுமன்றம் இதைக் கவனிக்க வேண்டும் என்ற அர்த்தத்தில் எழுதியது அது. அதற்குப் பிறகும் பாடகருக்குத் தனி உரிமை வர 1994 திருத்தம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இப்போது அந்த உரிமை பாடிய வருடத்துக்கு அடுத்த வருடத்திலிருந்து 50 வருடம் இருக்கும், உங்களுக்கு 2051 முடியும் வரை. ஒரு நோக்கத்துக்காகச் சம்மதித்துப் பாடிய பதிவை வேறு நோக்கத்துக்குப் படியெடுப்பது மீறல் என்று 1994 திருத்தமே சொன்னது. நீங்கள் கேசட்டுக்காகப் பாடினீர்கள். யூட்யூப் அப்போது உலகத்திலேயே கிடையாது, 2005இல்தான் தொடங்கியது.

இதற்குக் கம்பெனி தரப்பு வக்கீல் என்ன சொல்வார் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஒரு பக்கத்தை மட்டும் கேட்டுவிட்டு நீங்கள் கிளம்பக் கூடாது. ‘ஒலிப்பதிவு என்பது தனிச் சொத்து, அதைச் சட்டப்படி செய்து முடித்துவிட்டோம், முடித்த பதிவை எங்கே வேண்டுமானாலும் ஒலிக்கவிட எங்களுக்கு உரிமை உண்டு, வரியும் மெட்டும் உங்களுக்குத் திரும்பி வந்தாலும் பதிவைத் தடுக்க முடியாது’ என்பார். 2012க்கு முந்தைய சட்டத்தில் இந்த வாதத்துக்கு நல்ல வலு இருந்தது. 2012 திருத்தம் அதை மாற்றியது. இந்திப் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது பாடலாசிரியர்கள், இசையமைப்பாளர்களுக்காகப் போராடிக் கொண்டுவந்த திருத்தம் அது. சினிமா அல்லாத ஒலிப்பதிவில் சேர்ந்த வரிக்கும் மெட்டுக்கும், அந்தப் பதிவு எந்த வடிவில் பயன்பட்டாலும், எழுதியவருக்கும் மெட்டு போட்டவருக்கும் ராயல்டியில் சம பங்கு உண்டு. அந்தப் பங்கை வாரிசுக்கோ, ராயல்டியை வசூலித்துப் பிரித்துத் தரும் பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் எழுதிக் கொடுக்கவே முடியாது, கொடுத்தாலும் செல்லாது. 2023 ஏப்ரலில் எஃப்எம் வானொலி நிலையங்கள் தொடர்பான வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தி, ஒலிப்பதிவு ஒலிபரப்பாகும் ஒவ்வொரு முறையும் உள்ளே இருக்கும் வரிக்கும் மெட்டுக்கும் ராயல்டி தர வேண்டும் என்றது. ‘எங்கள் தாள் 2001, திருத்தம் 2012, பழையதற்குப் பொருந்தாது’ என்றும் எதிர்தரப்பு சொல்லும். அதற்கு என் பதில், ஓடுவது இன்றைய யூட்யூபில், பணம் வருவது இந்த வருடம்.

எனவே உங்களுக்கு நேர்மையாகச் சொல்லக்கூடியது இதுதான்: கம்பெனி ஏற்றிய பழைய பதிவை முழுசாக எடுக்க வைப்பது உறுதி இல்லை, நீண்ட வழக்காகலாம். அதில் பங்கு கேட்பது நல்ல கோரிக்கை. பெயர் போட வைப்பது இவற்றில் மிகச் சுலபம். படைத்தவர் தன் பெயரைப் போடச் சொல்லும் உரிமைக்குத் தார்மீக உரிமை என்று பெயர். பிரிவு 57இல் இருக்கும் அது, உரிமையை எழுதிக் கொடுத்த பிறகும் எழுதியவரிடமே நிற்கும், 2012க்குப் பிறகு பாடியவருக்கும் 38பி பிரிவில் அதே போல் உண்டு. முதல் நோட்டீஸில் பெயரையும் கணக்கையும் கேளுங்கள். எத்தனை வருடமாக ஓடுகிறது, எந்தெந்தத் தளத்தில், எவ்வளவு வந்தது என்ற கணக்கு. திட்டு ஒரு வரிகூட வேண்டாம். நோட்டீஸ் கிடைத்ததும் கூப்பிட்டுப் பேசுகிற கம்பெனிகள் உண்டு, ஐந்து வருட விதி அவர்களுக்கும் தெரியும்.

பேச்சு சரிவராவிட்டால் வழக்கை உங்கள் மாவட்ட நீதிமன்றத்திலேயே போடலாம், கம்பெனி இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. பிரிவு 62 அதற்காகவே இருக்கிறது. கேட்கும் தொகை மூன்று லட்சத்துக்கு மேல் போனால் வணிக வழக்காகும், அப்போது அவசரத் தடை கேட்டால் தவிர, முதலில் சமரசப் பேச்சுக்குப் போக வேண்டும். அதை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு நடத்தும். வக்கீல் வைக்க வசதி இல்லை என்றால் இலவச உதவியையும் அங்கேயே கேளுங்கள்.

திருவிழா வீடியோவுக்கு வருவோம். இதில் உங்கள் பக்கம் பலமாக இருக்கிறது, ஆனால் ஒன்று தெரிய வேண்டும். அன்றைக்கு பம்பை, உடுக்கை எல்லாம் நேரில் வாசித்தார்களா, இல்லை பென் டிரைவில் பின்னணி இசையைப் போட்டுவிட்டுப் பாடினீர்களா? பென் டிரைவில் இருந்தது அந்த கேசட்டின் இசையிலிருந்து எடுத்தது என்றால், உங்கள் வீடியோவுக்குள் கம்பெனியின் ஒலிப்பதிவு இருக்கிறது, கோரிக்கை நியாயமானதே. ஆட்கள் நேரில் வாசித்ததாக இருந்தால் அது புதிய நிகழ்ச்சி, புதிய பதிவு, மகன் எடுத்தது. கன்டென்ட் ஐடி என்ற யூட்யூபின் தானியங்கி இயந்திரம் மெட்டு ஒத்துப்போவதைப் பார்த்துப் பிடித்திருக்கும். தயங்காமல் மறுப்பு பதிவு செய்யுங்கள். வரியும் மெட்டும் என்னுடையவை, 2001 உரிமை மாற்றம் ஐந்து வருடத்தில் முடிந்தது, இது நேரில் வாசித்த புதிய பதிவு என்று மூன்று வரியில் எழுதினால் போதும். கம்பெனிக்கு 30 நாள் அவகாசம், பதில் வராவிட்டால் கோரிக்கை தானாக விலகும். இனிமேல் வரும் கோரிக்கைகளுக்கு ஐந்து நாளுக்குள் மறுப்பு கொடுத்துவிடுங்கள், அப்படிக் கொடுத்தால் முதல் நாளிலிருந்தே விளம்பரப் பணம் யாருக்கும் போகாமல் நிறுத்தி வைக்கப்படும். மெட்டு தெம்மாங்காக இருக்கும் இரண்டு பாட்டுக்கு அதையும் சேர்த்து எழுதுங்கள். அந்த மெட்டு உங்களுக்கும் சொந்தமில்லை, கம்பெனிக்கும் சொந்தமில்லை, ஊருக்குப் பொது.

கோயிலில் பாடுவதற்கு யாரையாவது கேட்க வேண்டுமோ என்ற பயமும் உங்களுக்கு இருக்கலாம். உண்மையான மதச் சடங்கின்போது பாடுவது மீறலே ஆகாது என்று பிரிவு 52 சொல்கிறது. முளைப்பாரி எடுக்கும்போது, கரகம் வரும்போது பாடுவதற்கு யாரும் உங்களைக் கேள்வி கேட்க முடியாது. அதைப் படம் பிடித்து இணையத்தில் ஏற்றுவது தனிச் செயல், அதற்கு மேலே சொன்ன கணக்கு பொருந்தும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, நான் உங்களை உண்மையில் தள்ளிவிட நினைக்கும் இடம் ஒன்றுதான். அந்த எட்டு பாட்டையும் மறுபடி பாடிப் பதிவு செய்யுங்கள். இந்த வருடமே. கம்பெனியின் உரிமை அந்த ஒரு ஒலிப்பதிவோடு நின்றுவிடுகிறது. அதே வரி, அதே மெட்டை நீங்கள் புதிதாகப் பாடினால் அது வேறு ஒலிப்பதிவு, அதன் தயாரிப்பாளர் நீங்கள். அமெரிக்காவில் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட்டின் முதல் ஆறு ஆல்பங்களின் மூலப்பதிவுகள் 2019இல் கைமாறியபோது அவர் எடுத்த வழி இதுதான், 2021 முதல் அந்த ஆல்பங்களில் நான்கைத் திரும்பப் பாடி வெளியிட்டார். அவருடைய பாட்டுகளை எழுதியவர் அவரே என்பதால் அது முடிந்தது. உங்களுக்கும் முடியும். குரல் 2001 போல இருக்காது என்று சொல்வீர்கள். 59 வயதில் அம்மனைக் கூப்பிடும் குரலுக்கு என்ன குறை?

பதிவு செய்யும்போது சிலவற்றில் கறாராக இருங்கள். ஸ்டுடியோ பில் உங்கள் பெயரில் வாங்குங்கள், பணத்தை ரொக்கமாகக் கொடுக்காமல் யூபிஐயில் அனுப்புங்கள், பிற்காலத்தில் ‘முயற்சியும் பொறுப்பும் யாருடையது’ என்ற கேள்விக்கு அதுதான் பதில். பழைய கேசட்டில் கீபோர்டுக்காரர் போட்ட இடையிசையைக் காப்பி அடிக்க வேண்டாம், அது அவர் கற்பனை, புதிதாகப் போடச் சொல்லுங்கள். வாசிக்கும் ஒவ்வொருவரிடமும் சம்பளமும் சம்மதமும் எழுதி வாங்குங்கள். ஸ்பாட்டிஃபை, யூட்யூப் மியூசிக் எல்லாவற்றிலும் ஏற்றித் தர விநியோக நிறுவனங்கள் இருக்கின்றன, அவர்கள் ஒப்பந்தத்தில் காலம், விலகும் வழி இரண்டையும் மகன் படித்துப் பார்க்காமல் ஓகே அழுத்தக் கூடாது. பாடலாசிரியர், இசையமைப்பாளர்களுக்கு ராயல்டி வசூலித்துத் தரும் ஐபிஆர்எஸ் சங்கத்தில் உறுப்பினராகுங்கள், பாடகருக்கு 2013இல் பதிவான தனிச் சங்கம் இருக்கிறது, அது இப்போது ஐசாம்ரா என்ற பெயரில் நடக்கிறது. வரிகளை டெல்லி பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவு செய்வது கட்டாயம் இல்லை, ஆனால் ஒரு படைப்புக்கு 500 ரூபாய்தான் கட்டணம், சான்றிதழ் வழக்கில் உதவும். விண்ணப்பத்தில் ‘காப்புரிமை’ என்று போட்டுவிடாதீர்கள். அது கண்டுபிடிப்புகளுக்கு. உங்களுக்குப் பதிப்புரிமை.

கடைசியாக அந்த எட்டாவது பாட்டு. உங்கள் நண்பர் எழுதிய வரியின் உரிமை அவர் இறந்த பிறகு 60 வருடம் அவர் குடும்பத்துக்கு. 2001இல் நீங்கள் கையெழுத்து போட்டது எட்டு பாட்டுக்கும், ஆனால் அவருடைய வரியை எழுதிக் கொடுக்க அவர் உங்களுக்கு எழுத்தில் அதிகாரம் கொடுத்திருந்தாரா? இல்லை என்றால் அந்த வரி கம்பெனிக்குப் போகவே இல்லை. இப்போது நீங்கள் பாடிப் பதிவு செய்வதற்கும் அவர் மனைவியிடம், பிள்ளைகளிடம் சம்மதம் வாங்க வேண்டும். நேரில் போங்கள். போவதற்கு முன் தாளைத் தயார் செய்து மகனிடம் தட்டச்சு செய்யச் சொல்லுங்கள், அதில் பாட்டின் முதல் வரி இருக்கட்டும், எழுதியவர் பெயர் எல்லா இடத்திலும் போடப்படும் என்று இருக்கட்டும், எத்தனை வருடத்துக்கு, எந்தெந்தத் தளத்துக்கு, வருவதில் அவர்களுக்கு எத்தனை பங்கு, எந்த மாதம் கணக்கு காட்டுவீர்கள் என்று இருக்கட்டும். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை அவர்கள் வீட்டிலேயே கொடுத்துவிட்டு வாருங்கள்.